பம்ப் போடும் பையனுக்கு மாலையானால் கண் தெரியவில்லை. மருந்தை நிறுத்தலாமா?

குளித்தலை அம்மா | திங்கள், இரவு 10.52

வணக்கம். இரண்டு வருடங்களாக இந்த மன்றத்தைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 10 வயது. தலசீமியா மேஜர், உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய். எட்டாவது மாதத்தில் கண்டுபிடித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். ஏற்றும் ரத்தத்தோடு உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற முதலில் மாத்திரை கொடுத்தார்கள். கல்லீரல் நொதிகள் ஏறிவிட்டன என்று அதை நிறுத்திவிட்டு, இரண்டரை வருடங்களாக டெஸ்ஃபெரால் பம்ப். இரவு எட்டரைக்கு வயிற்றில் ஊசி குத்தி, பம்பைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிவிடுவேன். காலை ஆறரைக்குக் கழற்றுவேன். ஞாயிறு மட்டும் விடுப்பு. திருவிழா, கல்யாணம், காய்ச்சல் எதற்கும் தவறவிட்டதில்லை. உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவு 3,400 இருந்தது. போன மாதம் 1,180. அன்றைக்கு வீட்டில் கேசரி கிளறினேன்.

போன புதன்கிழமை மாலை மின்சாரம் போய்விட்டது. அடுப்படியிலிருந்து தீப்பெட்டி எடுத்துவரச் சொன்னேன். சுவரில் கை வைத்துக்கொண்டே போனான். நேரமாகியும் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தால், மேடையை இரண்டு உள்ளங்கைகளாலும் தடவிக்கொண்டிருக்கிறான். தீப்பெட்டி அவன் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் கிடக்கிறது. ஜன்னலில் வெளிச்சம் இன்னும் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே எனக்கு அதன் மேல் இருந்த படம்கூடத் தெரிந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன். "உனக்கு மட்டும் எப்படி அம்மா தெரிகிறது?" என்று கேட்டான்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. நான்கைந்து மாதங்களாக மாலையில் விளையாடப் போவதில்லை. கொல்லைப்புறம் போக விளக்கைப் போடச் சொல்வான். பயந்தாங்கொள்ளி என்று அவன் அக்காள் கேலி செய்வாள், நானும் சிரித்திருக்கிறேன்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் மடிப்புக் காகிதத்தை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். கண்ணைப் பற்றி அதில் இருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து பம்ப் போடவில்லை. அடுத்த ரத்தத்துக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. அதுவரை நிறுத்தி வைக்கலாமா? யாருடைய பிள்ளைக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

நலம்விரும்பி 62 | திங்கள், இரவு 11.20

சகோதரி, கவலை வேண்டாம். இது மாலைக்கண். எங்கள் காலத்தில் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். பொன்னாங்கண்ணிக் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்து 48 நாள் கொடுங்கள், கேரட்டும் கொடுங்கள். அந்த மருந்து உடம்பில் விஷமாகத் தேங்குகிறது, நிறுத்தியது நல்லதுதான். கண் தானாகத் தெளியும்.

உறையூர்க்காரர் | செவ்வாய், காலை 5.48

நலம்விரும்பி ஐயா, உங்கள் வயதுக்கு மதிப்பு கொடுத்தே சொல்கிறேன்: தெரியாத விஷயத்தில் தயவு செய்து மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அம்மா, உங்களுக்கும்தான். ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு வருகிறது. அதை வெளியே தள்ள மனித உடம்பில் வழியே கிடையாது. பம்ப்தான் வழி. போடாவிட்டால் அது போய் உட்காருகிற இடம் இதயம், கல்லீரல், கணையம். தலசீமியாப் பிள்ளைகள் ரத்தம் இல்லாமல் இறந்த காலம் போய், இரும்பு மிஞ்சி இதயம் நின்று இறந்த காலத்தைப் பார்த்தவன் நான். என் மூத்தவனை அப்படித்தான் 14 வயதில் பறிகொடுத்தேன். அன்றைக்கு மருந்து வாங்கப் பணம் இல்லை. உங்களுக்கு மருந்து அலமாரியில் இருக்கிறது, நீங்கள் போடாமல் இருக்கிறீர்கள். இன்று இரவே போடுங்கள்.

குளித்தலை அம்மா | செவ்வாய், காலை 6.30

இரண்டரை வருடத்தில் ஒரு இரவுகூட நான் முழுதாகத் தூங்கியதில்லை. பம்ப் நின்று சத்தம் போட்டால் எழ வேண்டுமே என்று அவன் பக்கத்திலேயே தரையில் படுக்கிறேன். சோம்பேறித்தனத்தால் நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? அவன் கண் போய்விடுமோ என்று பயந்து நிறுத்தினேன். உங்கள் பையனைப் பற்றிப் படித்ததும் கை நடுங்குகிறது. இப்போது எது சரி என்றே தெரியவில்லை.

கண்ணாடிக் கடை | செவ்வாய், காலை 9.15

அம்மா, நான் கண் பரிசோதகர். மருத்துவர் இல்லை. ஆனால் 16 வருடங்கள் ஒரு பெரிய கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடையைப் போட்டேன்.

உறையூர் ஐயா சொன்ன ஆபத்து முழுக்க உண்மை, ஆனால் "இன்று இரவே போடுங்கள்" என்பதை நான் ஏற்கவில்லை. இந்த மருந்தால் கண் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், சோதனை முடியும் வரை மருத்துவர்களே இதை நிறுத்தி வைப்பார்கள். அதற்காக 12 நாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டில் நிறுத்தி வைப்பதும் சரியில்லை. இன்றைக்கே, இப்போதே, ரத்தநோய்ப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். "பையனுக்கு மாலைக்கண் வந்திருக்கிறது, டெஸ்ஃபெரால் போடுகிறான், சனிக்கிழமையிலிருந்து நிறுத்தியிருக்கிறேன்" என்று இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்லுங்கள். மேசையில் இருப்பவர் "அடுத்த முறை வரும்போது பார்க்கலாம்" என்றால், மருத்துவரிடம் பேசாமல் போனை வைக்காதீர்கள்.

கீரை பற்றி ஒரு வார்த்தை. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது சரியே. அதனால்தான் நம் ஊரில் மாலைக்கண் என்றதும் எல்லார் கையும் கீரைக்கட்டுக்குப் போகிறது. அந்தச் சத்தையும் சோதித்துப் பார்ப்பார்கள், தவறில்லை. பொன்னாங்கண்ணியைச் சாப்பிடட்டும், நல்ல கீரை. ஆனால் இந்தப் பையனிடம் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தை.

நான்கு விவரங்கள் வேண்டும்: அவன் எடை, ஓர் இரவுக்கு எத்தனை குப்பி, வாரத்துக்கு எத்தனை இரவு, பம்ப் தொடங்கிய பின் மருந்தளவை யாராவது மாற்றினார்களா. கடைசியாகச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தது எப்போது என்பதையும் சொல்லுங்கள்.

குளித்தலை அம்மா | செவ்வாய், பகல் 12.05

போன் செய்துவிட்டேன். மருத்துவரே பேசினார். மருந்தை இப்போதைக்குப் போட வேண்டாம், வியாழக்கிழமை நேரில் அழைத்து வாருங்கள், கண் மருத்துவமனைக்குக் கடிதம் தருகிறேன் என்றார்.

எடை 24 கிலோ. இரவுக்கு 500 மில்லிகிராம் குப்பி இரண்டு. வாரத்துக்கு ஆறு இரவு. தொடங்கிய நாளிலிருந்து அதே அளவுதான். விழித்திரையை ஒரு தடவையும் பார்த்ததில்லை. பள்ளியில் முகாம் போட்டபோது எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரி வரை படித்தான். கண் நன்றாக இருக்கிறது என்று சீட்டு கொடுத்தார்கள். அதை நம்பி இருந்துவிட்டேன்.

கண்ணாடிக் கடை | செவ்வாய், இரவு 9.40

கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பள்ளி முகாமில் பார்ப்பது தூரப் பார்வையை, அதாவது பகல் வெளிச்சத்தில், விழித்திரையின் நடுப்பகுதியால், கறுப்பு எழுத்து தெரிகிறதா என்பதை. இருட்டில் பார்க்கும் குச்சி செல்கள் நடுவில் கிடையாது, சுற்றிலும் இருக்கின்றன. அவை பாதி செத்துப் போயிருந்தாலும் பையன் கடைசி வரி வரை படித்துவிடுவான். அந்தச் சீட்டு பொய் சொல்லவில்லை, அதைக் கொடுத்தவர்கள் கேட்ட கேள்வி வேறு.

இனி கணக்கு. இரவுக்கு 1,000 மில்லிகிராம், ஆறு இரவு, ஆக வாரத்துக்கு 6,000. ஏழால் வகுத்தால் நாளுக்குச் சராசரி 857. எடை 24 கிலோ, ஆகவே கிலோவுக்கு ஏறத்தாழ 36 மில்லிகிராம். இந்த 36ஐ ஃபெரிட்டினால் வகுக்க வேண்டும். விடை 0.025க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தலசீமியா மருத்துவர்கள் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் எல்லைக்கோடு.

ஃபெரிட்டின் 3,400 இருந்தபோது: 0.0106. எந்தத் தொல்லையும் இல்லை.
ஃபெரிட்டின் 1,180 ஆனபோது: 0.0305. எல்லையைத் தாண்டிவிட்டது.

அளவு அதேதான், மருந்தும் அதேதான், குறைந்தது இரும்பு மட்டும். உடம்பில் இரும்பு நிறைய இருக்கும்போது மருந்து அதைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறும். அந்த நாட்களில் காலையில் சிறுநீர் செங்கல் கரைத்த மாதிரி இருந்திருக்குமே? இரும்பு வற்ற வற்ற, பிடிக்க ஆளில்லாத மருந்து மிஞ்சுகிறது. அது விழித்திரைக்கும் உள்காதுக்கும் கேடு செய்கிறது. துத்தநாகம், செம்பு போன்றவற்றையும் இழுத்துக்கொண்டு போவதால் என்றும் காரணம் சொல்கிறார்கள். 1983இல் லண்டனிலிருந்தும் 1986இல் டொராண்டோவிலிருந்தும் மருத்துவ இதழ்களில் இதை எழுதிவிட்டார்கள். புதிய செய்தி இல்லை.

அம்மா, இதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் தவறவிடும் வீட்டில் இந்தக் கண்கேடு எளிதில் வராது, அங்கே இதயம்தான் கெடும். ஒரு நாளும் தவறவிடாத வீட்டில்தான், ஃபெரிட்டின் இறங்கும்போது அளவையும் கூடவே இறக்க யாரும் நினைவு வைக்காவிட்டால், இது வரும். கேசரி கிளறிய அன்றைக்கு ஒருவர் கால்குலேட்டரை எடுத்திருக்க வேண்டும். அது உங்கள் வேலை இல்லை.

உறையூர்க்காரர் | செவ்வாய், இரவு 10.10

இந்தக் கணக்கை 22 வருடத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மா, காலையில் கடுமையாக எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

கண்ணாடிக் கடை தம்பி, இளையவளுக்கு இப்போது 19 வயது. இரும்பை வெளியேற்ற டெஃபெரசிராக்ஸ் மாத்திரை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். மாத்திரைக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டா?

கண்ணாடிக் கடை | செவ்வாய், இரவு 10.25

உண்டு ஐயா. குறைவு, ஆனால் உண்டு. லென்ஸில் மங்கல் வருவதும், சிலருக்கு விழித்திரை பாதிப்பதும் பதிவாகியிருக்கிறது. தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும் என்று அந்த மருந்தின் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. மகளுக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நாளைக்கே அழைத்துப் போங்கள்.

மலையோரம் | புதன், பகல் 2.30

இழையின் தலைப்பைக் கொஞ்சம் தாண்டுகிறேன், நெறியாளர் பொறுத்துக்கொள்ளவும். நான் கூடலூர்ப் பக்கம் கிராமச் சுகாதாரப் பணியில் இருக்கிறேன். எங்களுக்கு வருவது தலசீமியா இல்லை, அரிவாள் அணு சோகை. சிக்கிள் செல் என்றால்தான் ஊரில் புரியும். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே எங்கள் நீலகிரியில்தான், 1952இல். பணியர், குறும்பர், இருளர் குடியிருப்புகளில் வீடு வீடாக ரத்தம் எடுத்திருக்கிறோம். 2023இல் மத்திய அரசு தேசியத் திட்டம் தொடங்கிய பின் பரிசோதனை இன்னும் பரவலாகியிருக்கிறது, நல்லதுதான்.

நாங்கள் செய்து வந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா இரு பக்கமிருந்தும் குறை வந்தால் நோயாளி, ஒரு பக்கம் மட்டும் வந்தால் கடத்தி. கடத்திகளிடம் "உனக்கு ஒன்றும் ஆகாது, கல்யாணத்துக்கு முன் மட்டும் சொல்" என்று அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அப்படி அட்டை வாங்கிய ஒரு பையன், 12 வயது. கொய்யா பறிக்க இன்னொருவன் எறிந்த கல் கண்ணில் பட்டது. வெளியே காயமே இல்லை. ஆனால் கருவிழிக்குப் பின்னால் அடியில் ரத்தம் தேங்கி, கோப்பையில் தேநீர் வண்டல் நிற்கிற மாதிரி, கிடைக்கோடாக நின்றது. தலையைச் சாய்த்தால் கோடும் சாய்ந்தது.

சாதாரணப் பிள்ளைக்கு இது சில நாளில் கரைந்துவிடும். கடத்திக்கு அப்படி இல்லை. கண்ணின் முன்னறையில் இருக்கும் நீரில் ஆக்சிஜன் குறைவு. அங்கே போய் மாட்டிய ரத்த அணுக்கள், உடம்பில் ஓடும்போது வட்டமாக இருந்தவை, அரிவாளாக வளைந்து விறைத்துவிடுகின்றன. விறைத்த அணு அந்த நீர் வடியும் சல்லடையில் நுழையாது. அடைக்கும். கண்ணழுத்தம் ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் இப்படிப்பட்ட பிள்ளைக்கு 24ஐ எட்டி ஒரு நாள் முழுக்க நின்றாலே பார்வை நரம்புக்கு ஆபத்து, அறுவை செய்து கழுவ வேண்டிவரும். மற்றவர்களுக்கு இதைவிட அதிகம் ஏறினாலும் சில நாள் தாங்கும்.

இன்னும் ஒன்று. கண்ணழுத்தம் என்றதும் வழக்கமாகக் கையில் எடுக்கும் அசிடசோலமைடு மாத்திரை ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டும். அமிலம் கூடினால் அணுக்கள் இன்னும் வளையும். அன்றைக்கு இரவுப் பணி மருத்துவர் அந்த மாத்திரையைச் சீட்டில் எழுதியும்விட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, யார் சொன்னார்கள் அவருக்கு? அப்போது பையனின் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. "ஆஸ்பத்திரி என்றால் இதைக் காட்டு என்று சொன்னார்கள்" என்றார். மருத்துவர் பார்த்தார், சீட்டில் அந்த வரியை அடித்தார், கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்.

இப்போது நாங்கள் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதில்லை. "கண்ணில் அடிபட்டால் அன்றைக்கே வா, அட்டையோடு வா" என்கிறோம்.

நெறியாளர் | புதன், மாலை 4.00

மலையோரத்தின் பதிவு இங்கேயே இருக்கட்டும். இந்த இழையை "ரத்தநோய்ப் பிள்ளைகளும் கண்ணும்" பிரிவுக்கு மாற்றுகிறேன். நலம்விரும்பி 62 அவர்களின் பதிவை நீக்கச் சொல்லி நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். நீக்கவில்லை. மறுப்போடு சேர்ந்து இருந்தால்தான் அடுத்து வருகிறவர் இரண்டையும் படிப்பார்.

நலம்விரும்பி 62 | புதன், மாலை 6.45

நீக்காததற்கு நன்றி. மருந்தை நிறுத்தச் சொன்னது என் பிழை, திரும்பப் பெறுகிறேன். கீரையைத் திரும்பப் பெறவில்லை.

சிறகி | புதன், இரவு 8.50

மலையோரம் அண்ணா, என் தங்கை மகளுக்குச் சிக்கிள் செல் நோயே இருக்கிறது, கடத்தி அல்ல. 9 வயது. இதுவரை கண்ணில் ஒரு குறையும் சொன்னதில்லை. அவளுக்கும் கண் பார்க்க வேண்டுமா?

மலையோரம் | வியாழன், காலை 7.10

வேண்டும் தங்கையே. 10 வயதில் தொடங்கிச் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்க்க வேண்டும், பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒரு தடவை. விழித்திரையின் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் முதலில் அடைபடும். அடைபட்ட இடத்துக்குப் பக்கத்தில் புதுக் குழாய்கள் விசிறி மாதிரி முளைக்கும். கடல் விசிறி என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் அழகு. அந்தக் குழாய்கள் மெல்லியவை, கசியும், ஒரு நாள் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், விழித்திரையைப் பிய்த்தும்விடும். அதுவரை பிள்ளைக்கு ஓரத்தில் நடப்பது எதுவுமே தெரியாது. ரத்தம் கொட்டும் முன் பார்த்துவிட்டால் லேசர் வைக்க வழி இருக்கிறது. சில விசிறிகள் தாமாகவே வாடியும் போகும், எல்லாவற்றுக்கும் லேசர் தேவைப்படாது.

அம்பத்தூர் ஜோதி | வியாழன், காலை 11.30

ஃபெரிட்டின் பேச்சு வந்ததால் என் வீட்டுக் கதை. எனக்கு 31 வயதில் கண்புரை அறுவை செய்தார்கள். என் அம்மாவுக்கு 35இல். "பரம்பரைக் கண்" என்று விட்டுவிட்டோம். என் மகளுக்கு 7 வயதில் சோர்வாக இருக்கிறாள் என்று ரத்தம் பார்த்தபோது ஃபெரிட்டின் 1,400. ஒரே பரபரப்பு. இரும்பு மிஞ்சிவிட்டது, ரத்தத்தை வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு முறை எடுத்தார்கள். குழந்தை வெளுத்துப் போனாள்.

மூன்றாவது முறைக்கு முன் வேறொரு மருத்துவர், "மற்ற இரும்புக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறதே, ஃபெரிட்டின் மட்டும் ஏன்?" என்று யோசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குக் கண்ணில் என்ன அறுவை?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. இது பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றம். உடம்பு ஃபெரிட்டினைத் தேவையில்லாமல் தயாரித்துக்கொண்டே இருக்கும். இரும்பு மிஞ்சாது. அந்த ஃபெரிட்டின் லென்ஸில் படிந்து இளம் வயதிலேயே புரை வரும். 1995இல்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ரத்தம் எடுத்ததெல்லாம் வீண். மகளின் லென்ஸில் இப்போதே ரொட்டித்தூள் தூவிய மாதிரிப் புள்ளிகள் இருக்கின்றன, படிப்புக்குத் தொந்தரவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம்.

கண்ணாடிக் கடை | வியாழன், பகல் 1.00

ஜோதி அக்கா, 16 வருடத்தில் நான் ஒரே ஒரு குடும்பத்தைத்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டவர் ஒருவர்தான்.

குளித்தலை அம்மா | அடுத்த திங்கள், இரவு 9.30

எல்லாம் முடிந்து நேற்றுதான் வீடு வந்தோம். விரிவாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். சில பக்கங்களில் "இதில் எதுவும் இல்லை" என்றான். எனக்கு எண் பளிச்சென்று தெரிகிறது. வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு சொட்டு மருந்து. எரிகிறது என்று அழுதான். மூன்று தடவை விட்டார்கள். கண்மணி விரிந்த பின் விழித்திரையைப் படம் எடுத்தார்கள்.

அப்புறம் இ.ஆர்.ஜி. ஒரு சின்ன அறையில் விளக்கை அணைத்துவிட்டு 20 நிமிடம் சும்மா உட்கார வைக்கிறார்கள், கண் இருட்டுக்குப் பழக வேண்டுமாம். அந்த 20 நிமிடம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நுழைந்ததும் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்காலி, கதவின் விளிம்பு, எதிரே இருந்த கருவி, அவன் முகம் எல்லாம் லேசாகத் தெரிய ஆரம்பித்தன. "இப்போது தெரிகிறதா?" என்று கேட்டேன். "விளக்கைப் போடும்போது சொல்லு" என்றான். பிறகு கண்ணிமைக்குள் மெல்லிய இழை ஒன்றை வைத்து வெளிச்சத்தை மின்ன மின்ன அடித்தார்கள். விழித்திரை எழுப்பும் மின்சாரத்தை அது அளக்கிறதாம்.

முடிவு: குச்சி செல்களின் அலை பாதிக்கும் கீழே. விழித்திரையின் அடியில் இருக்கும் நிறமி அடுக்கில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. பார்வை நரம்பு நன்றாக இருக்கிறது. காதும் பார்த்தார்கள், கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் கொஞ்சம் குறைவு. மருந்தால்தான் என்று இரண்டு மருத்துவர்களும் சொன்னார்கள். கண்ணாடிக் கடை அண்ணன் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ரத்தநோய் மருத்துவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது நாங்கள் போட்டிருக்க வேண்டிய கணக்கு" என்றார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை. வெளியே அவருக்காக எழுபது பேர் காத்திருந்தார்கள்.

இதயத்துக்கும் கல்லீரலுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதயத்தில் இரும்பு இல்லை. உறையூர் ஐயா, இதைப் படித்ததும் உங்களைத்தான் நினைத்தேன்.

டெஸ்ஃபெரால் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சில வாரம் எந்த மருந்தும் இல்லாமல் பார்த்துவிட்டு இரும்பை வெளியேற்றும் வேறொரு மருந்தான டெஃபெரிப்ரோன் தொடங்குவார்களாம். அதற்கு வெள்ளணு குறைகிறதா என்று வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்று.

கண் திரும்புமா என்று கேட்டேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு மாதக்கணக்கில் தேறும், சிலருக்குப் பாதிதான் தேறும், உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

பம்பரம் | அடுத்த திங்கள், இரவு 10.15

எங்கள் பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி நான்கு வருடம் ஆகிறது. ரத்தம் ஏற்றுவது நின்றது, கண் தொல்லை நிற்கவில்லை. ஸ்டீராய்டு நீண்ட நாள் கொடுத்ததில் லேசான புரை, கண்ணீர் வற்றி எந்நேரமும் சொட்டு மருந்து. மாற்று சிகிச்சை முடிந்ததும் கண் மருத்துவரை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வேறு குறையில்லை.

உறையூர்க்காரர் | செவ்வாய், காலை 5.50

மகளைக் கூட்டிப் போனேன். லென்ஸ் தெளிவாக இருக்கிறது, விழித்திரையும் சரி. 19 வருடத்தில் இதுதான் முதல் தடவை. அந்த மருத்துவர் "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

குளித்தலை அம்மா | நான்கு மாதங்களுக்குப் பிறகு, வெள்ளி, இரவு 8.40

இழையைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன். போன வாரம் மறுபடி எல்லாச் சோதனையும் செய்தோம். வண்ணப் புத்தகத்தில் ஒன்றைத் தவிர எல்லாப் பக்கமும் படித்துவிட்டான். இ.ஆர்.ஜி. அலை கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, முழுதாக இல்லை. காது அப்படியேதான் இருக்கிறது. டெஃபெரிப்ரோன் ஒத்துக்கொண்டிருக்கிறது. முழங்கால் வலிக்கிறது என்கிறான், அதையும் சொல்லியிருக்கிறோம். ஃபெரிட்டின் 1,420. ஏறியிருக்கிறது, ஆனால் இந்த முறை யாரும் பதறவில்லை. தாளில் எடை, அளவு, ஃபெரிட்டின் மூன்றையும் மாதா மாதம் நானே எழுதிக்கொண்டு போகிறேன்.

அலமாரியில் பம்ப் ஊசி 40, பிரிக்காமல் இருக்கிறது. காலாவதி அடுத்த ஆண்டு மே. பம்பும் நன்றாக ஓடுகிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பணம் வேண்டாம்.

உறையூர்க்காரர் | வெள்ளி, இரவு 9.05

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்குப் பம்ப் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். வாங்க வசதியில்லாத குடும்பம். அந்தக் கணக்கையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் அம்மா. பஸ் நிலையத்திலிருந்து வழி எப்படி?

குளித்தலை அம்மா | வெள்ளி, இரவு 9.20

வழி கேட்க வேண்டியதில்லை ஐயா. பகலில் வந்தால் பையன் வந்து கூட்டி வருவான், பஸ் நிலையம் அவனுக்குத் தெரியும். ஆறு மணிக்கு மேல் ஆகும் என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.